பண்பாட்டுப் பிரசவ அறையின் திறப்பு விழா

எங்கள் கல்லூரியில் மாற்றம் வரப்போகிறது என்றால் முதலில் நாற்காலி வரும். ஆண்டிஸ் மலைமேல், பெரு நாட்டிலேயே அதிகம் மூச்சு வாங்க வைக்கும் ஊர்களில் ஒன்றில் எங்கள் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கெச்சுவா என்ற மலைமக்கள் மொழி பேசும் வீடுகளிலிருந்து அங்கே படிக்க வந்தவர்கள் நாங்கள் ஆறு பேர். அந்த ஆண்டு எங்களுக்கு ஆளுக்கொரு கையில்லாத ஆரஞ்சு மேல்சட்டை கொடுத்தார்கள். முதுகில் ‘மாற்றத்தை வழிநடத்துகிறேன்’ என்று அச்சடித்திருந்தது. அதைப் போட்டுக்கொண்டு நாங்கள் கலையரங்கத்திலிருந்து கூட்ட அறைக்கும், கூட்ட அறையிலிருந்து கலையரங்கத்துக்கும் நாற்காலிகளை வழிநடத்தினோம்.

எல்லாம் நெலிதாவால் வந்தது. என் வகுப்புத் தோழி. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒழுங்காகப் பட்டம் வாங்கிக்கொண்டு போயிருப்பாள், ஆனால் வாயை மூடுவது அவளுக்குப் பிறவியிலேயே வராது. அவளுக்கு ஒரே அக்கா, யூஃபெமியா. மலைக்கு மேலே ஆடு மேய்த்து, உருளைக்கிழங்கு போட்டு, இவளைப் படிக்க வைத்தவள்.

யூஃபெமியா முதல் பிள்ளைக்கு எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தாள். “இத்தனை பாவாடையா, நாறுது” என்று சொல்லிக்கொண்டே நர்ஸ் ஒவ்வொன்றாக உருவிப் போட்டாள். பச்சைத் தண்ணீரில் கழுவினார்கள். ஜன்னலைத் திறந்து வைத்து, இரும்பு மேசையில் மல்லாக்கப் போட்டு, காலை வாரால் கட்டினார்கள். ஒரு வகுப்பே சுற்றி நின்று பார்த்தது. எங்கள் பெண்கள் மேலேயிருந்து தொங்கும் கயிற்றைப் பிடித்துக் குந்தி உட்கார்ந்து, புருஷன் பின்னாலிருந்து தாங்க, கணப்பு மூட்டிய அறையில் பெறுகிறவர்கள். குளிர் உள்ளே இறங்கினால் உயிரைக் கொண்டுபோய்விடும் என்பது அவர்கள் கணக்கு. அதனால் இரண்டாவது பிள்ளையை யூஃபெமியா வீட்டிலேயே பெற்றாள். ரத்தம் நிற்கவில்லை. உருளைக்கிழங்கு லாரியில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஏதோ ஆயுசு கெட்டியாக இருந்தது, பிழைத்தாள். இப்போது மூன்றாவது வயிற்றில் இருந்தது.

நெலிதா போனில் அவளோடு மல்லுக்கட்டியது எனக்குத் தெரியும். பக்கத்தில்தான் இருந்தேன்.

“அக்கா, இந்தத் தடவை வீட்ல வேண்டாம். போன தடவை அப்படிக் கொட்டினவங்களுக்கு மறுபடியும் கொட்டும். நான் படிச்சிருக்கேன்.”

“உங்க மேசைல மல்லாந்து கெடக்கறதுக்குக் கொட்டியே போறேன்டி.”

“உக்காந்து பெத்துக்க விட்டாங்கன்னா?”

“யாரு, அவங்களா? விடுவாங்களா?”

“நான் விட வைக்கிறேன்.”

“உன் வாய்க்கு இருக்குற தைரியம் என் இடுப்புக்கு இல்லடி. முதல்ல விட வை. அப்புறம் வர்றேன்.”

அப்படித்தான் நாங்கள் ஆறு பேரும் டீன் புஸ்தமாந்தேவின் அறைக்குப் போனோம். நெலிதா கேட்டது பெரிய வரம் ஒன்றும் இல்லை. பிரசவ அறையில் ஒரு கயிறு. ஒரு கணப்பு. பக்கத்தில் புருஷன். பிள்ளை பிறந்ததும் நஞ்சுக்கொடியைக் குப்பையில் போடாமல் வீட்டில் புதைப்பதற்குக் கொடுத்துவிட வேண்டும். பிரசவம் பார்க்க வருகிற மாணவர்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

டீனுக்குக் கண் கலங்கிவிட்டது.

“இருபத்தஞ்சு வருஷமா இதைத்தான் நான் சொல்லிட்டு இருக்கேன்!” என்றார். அந்த இருபத்தைந்து வருஷமும் பிரசவத் துறைக்குத் தலைவர் அவர்தான். அந்த மேசையை வாங்கியதும் அவர்தான். “இனிமே மாற்றத்தை வழிநடத்தப் போறது நீங்கதான்மா. நாங்க உங்க பின்னால வருவோம்.”

பின்னால் வருகிறவர்கள் உடனே ஒரு குழு அமைத்தார்கள். குழுவில் எட்டுப் பேராசிரியர்கள், மாணவர் தரப்பில் நெலிதா. அவளுக்கு ஓட்டு கிடையாது, குரல் உண்டு என்று விதி சொன்னது. குரல், கூட்டத்தின் கடைசியில் ‘மற்றவை’ என்ற தலைப்பில் வரும். அதற்குள் சாப்பாடு வந்துவிடும். ஒப்புக்குச் சப்பாணியாக அவள் நாலு கூட்டம் உட்கார்ந்துவிட்டு வந்தாள். முதல் கூட்டத்தில் குழுவுக்குப் பெயர் வைத்தார்கள். இரண்டாவதில் சின்னம் வரைந்தார்கள். மூன்றாவதில் சின்னத்தில் இருக்கிற மலை எந்த மலை என்பதில் சண்டை வந்து, நாலாவதில் மலையை எடுத்துவிட்டார்கள்.

“அக்காவுக்கு ஏழாம் மாசம் ஆகுது” என்றாள் நெலிதா என்னிடம். “இவங்க மலையை நகர்த்திட்டு இருக்காங்க.”

குழுவுக்கு ஒருங்கிணைப்பாளர் டாக்டர் ஒலசாபல். நல்ல மனுஷி, அதுதான் கஷ்டம். மாட்ரிட் நகரில் கோடை விடுமுறையில் கெச்சுவாப் பண்பாடு படித்துச் சான்றிதழ் வாங்கி வந்தவர். எங்களைப் பார்த்தால் நெஞ்சில் கைவைத்துக் கெச்சுவாவில் வணக்கம் சொல்வார். நாங்கள் பதில் சொன்னால் அவருக்குப் புரியாது.

ஒலசாபல் முயற்சியில் அறை எழும்பியது. கயிறு தொங்கவிட முடியாது, அட்டைக் கூரை தாங்காது என்று பொறியாளர் சொல்லிவிட்டார். அதனால் தலைநகரிலிருந்து ஓவியரை வரவழைத்துச் சுவரில் கயிற்றைத் தத்ரூபமாக வரைந்தார்கள். கணப்புக்குத் தீயணைப்புத் துறை அனுமதி இல்லை. சுவருக்குக் கதகதப்பான ஆரஞ்சு வர்ணம் பூசினார்கள். புருஷன் உள்ளே வந்தால் கிருமி வரும் என்பதால், அவன் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு நாற்காலி போட்டு ‘கணவர்’ என்று பித்தளைப் பலகை மாட்டினார்கள். நஞ்சுக்கொடிக்கு அழகான மண்பானை ஒன்று வாங்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எங்கள் கல்லூரியில் அதற்குக் குத்துவிளக்கு ஏற்றாத குறையாக ஒரு திறப்பு விழாவே நடத்தினார்கள்.

பாடத்திட்டமும் மாறியது. வெளிநாட்டிலிருந்து ஒரு பிரசவப் பொம்மை வந்தது. பொத்தானை அழுத்தினால் முனகும், சிவப்பு மை கசியும், கண்ணை மூடும். முட்டி மட்டும் மடங்காது. அதனால் அது படுத்தபடியேதான் உட்கார்ந்து பெறும். அதற்கு எங்கள் ஊர்ப் பூவேலைப் பாவாடையும் தொப்பியும் மாட்டி, பண்பாட்டு உணர்வுத் தேர்வு என்று ஒன்று வைத்தார்கள். பொம்மைக்கு வணக்கம் சொல்லவேண்டும், தொட அனுமதி கேட்கவேண்டும், தொப்பியைப் பாராட்டவேண்டும். தலைநகரத்துப் பையன்கள் எல்லாரும் முழு மதிப்பெண் வாங்கினார்கள். நெலிதா பொம்மையிடம் கெச்சுவாவில், “போன பிரசவத்துல ரத்தம் நிக்காம போச்சாம்மா?” என்று கேட்டாள். ஒலசாபலுக்குப் புரியவில்லை. பாடத்துக்கு வெளியே பேசியதாகச் சொல்லிப் பெயில் போட்டார்.

“நெலிதா, உன் பண்பாட்டை நீ இன்னும் கொஞ்சம் ஆழமா படிக்கணும்மா” என்று தோளில் தட்டிக்கொடுத்தார்.

திறப்பு விழாவில் டீன் எங்கள் ஊர்க் கம்பளிப் போர்வையான போஞ்சோவைப் போர்த்திக்கொண்டு பூமித்தாய்க்குக் கோக்கா இலையைக் காணிக்கையாகப் போட்டார். படம் எடுத்தார்கள். நடுவில் டீன், ஓரத்தில் ஆரஞ்சு மேல்சட்டையோடு நெலிதா, பின்னால் சுவர். அன்றைக்கே கதவைப் பூட்டினார்கள். தலைநகரிலிருந்து அங்கீகாரக் குழு வந்து பார்க்கும்வரை அறை அழுக்காகக் கூடாது, ஆகையால் யாரும் பிள்ளை பெறக் கூடாது.

அந்தப் படத்தை நெலிதா அக்காவுக்கு அனுப்பினாள். யூஃபெமியா கூப்பிட்டாள்.

“கயிறு தொங்குதே! நெசமாவே போட்டுட்டாங்களாடி?”

நெலிதா என் முகத்தைப் பார்த்தாள். கயிறு இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரியில் ரத்தப்போக்கை நிறுத்த ஊசி இருக்கிறது, ஏற்றுவதற்கு ரத்தம் இருக்கிறது. மலைமேல் ஒன்றும் இல்லை.

“போட்டுட்டாங்கக்கா” என்றாள்.

“அப்ப வர்றேன்” என்றாள் யூஃபெமியா. போனை வைத்த பிறகு நெலிதா அழுதாள்.

யூஃபெமியாவுக்கு வலி கண்டதும், அங்கீகாரக் குழு வந்ததும் ஒரே காலையில். எல்லா டாக்டர்களும் போஞ்சோ போட்டுக்கொண்டு முன்வாசலில் வரிசையாக நின்றார்கள். பின்வாசலில் லாரி வந்து நின்றது. தெயோஃபிலோ, யூஃபெமியாவின் புருஷன், அவளைக் கைத்தாங்கலாக இறக்கினான். பிள்ளைக்கென்று நெய்த கம்பளியைக் கக்கத்தில் இடுக்கியிருந்தான். யூஃபெமியாவைப் பார்த்து எனக்கே அடையாளம் தெரியவில்லை. நெலிதாவின் பழைய விளையாட்டுப் பாண்ட், சுத்தமான வெள்ளை டீ-சர்ட், தலையைப் படிய வாரிப் பின்னியிருந்தாள்.

“பாவாடை எல்லாம் எங்கக்கா?”

“வேணாம்னு வெச்சுட்டேன்டி. போன தடவை அந்தப் பொம்பளை பேசின பேச்சு இன்னும் காதுல இருக்கு. இந்த வாட்டி ஒரு வார்த்தை சொல்லட்டும் பாக்கலாம். குளிச்சிட்டு, டவுன்காரி மாதிரி வந்திருக்கேன்.” வலியிலும் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது.

தெயோஃபிலோவை வாசற்காவலர் படியிலேயே நிறுத்திவிட்டார். கணவர் இடத்தில்தான் ஏற்கெனவே நாற்காலி இருக்கிறதே.

பண்பாட்டு அறையின் வாசலில் சாவியோடு ஒலசாபல் நின்றார். நெலிதா கெஞ்சினாள். அவர் யூஃபெமியாவை மேலும் கீழும் பார்த்தார்.

“இந்த அறை பழங்குடிப் பெண்களுக்கு மட்டும்மா. இவங்க பாண்ட் போட்டிருக்காங்களே.”

“டாக்டர், எங்கக்கா. ஸ்பானிஷ்கூட சரியா வராது. கெச்சுவாதான் பேசுவா. பேசிப் பாருங்க.”

“மொழியை யார் வேணும்னாலும் கத்துக்கலாம். நான் கத்துக்கலையா? அங்கீகாரக் குழுவுக்கு முன்னாடி நாங்க நேர்மையா இருக்கணும். பொதுவார்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. மேசை காலியாத்தான் இருக்கு.”

மேசை என்ற ஸ்பானிஷ் வார்த்தை யூஃபெமியாவுக்கு நன்றாகவே தெரியும். திரும்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு பின்வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். நாலடி நடந்ததும் பனிக்குடம் உடைந்தது.

நெலிதா ஓடினாள். பயிற்சிக்கூடத்துக்குள் புகுந்து பொம்மையின் பாவாடையை உருவி, தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். நடைபாதையிலேயே பாண்ட்டைக் கழற்றிவிட்டு, பொம்மையின் பாவாடையை அக்காவுக்குக் கட்டினோம். தொப்பியை வைத்தோம்.

ஒலசாபலின் முகம் பூத்தது. “பாத்தியா, இப்பத்தான் உண்மையா இருக்கு!” என்று கதவைத் திறந்துவிட்டார். அறை தயார் என்று அங்கீகாரக் குழுவிடம் சொல்ல முன்வாசலுக்கு விரைந்தார்.

உள்ளே போனதும் யூஃபெமியா கயிற்றைப் பிடிக்கக் கையை நீட்டினாள். கை சுவரில் முட்டியது. தடவிப் பார்த்தாள்.

“படமாடி?”

நெலிதா தலை குனிந்து நின்றாள்.

“கயித்தை வரைஞ்சு வெச்சவங்க, பிள்ளையையும் வரைஞ்சு வெச்சிருக்கலாமே. எனக்கு இந்த வேலை மிச்சம்.” அதற்குள் அடுத்த வலி வந்துவிட்டது.

“என் கழுத்தைப் பிடிச்சுக்கக்கா. விடாத. பிடி.”

தங்கையின் கழுத்தைக் கயிறாகப் பிடித்துக்கொண்டு, ‘கணவர்’ நாற்காலியில் உட்கார்ந்த நான் பின்னாலிருந்து தாங்க, யூஃபெமியா குந்திப் பெற்றாள். பொட்டைப்பிள்ளை. அறையை நிறைத்துக்கொண்டு அழுதது. யூஃபெமியா சிரித்தாள். “பாத்தியா, உக்காந்தா எவ்ளோ சுளுவு” என்றாள். அந்தக் கொஞ்ச நேரம் நாங்கள் மூன்று பேரும் சந்தோஷமாக இருந்தோம். அதை மறைப்பானேன்.

பிறகு கொட்ட ஆரம்பித்தது.

“கருப்பை சுருங்கல. ருஃபினோ, ஊசி! அலமாரில பாரு!”

அலமாரியைத் திறந்தேன். கண்ணாடிக் குப்பிகளில் மூலிகைகள் ஒவ்வொன்றும் பெயர்ச்சீட்டோடு அழகாக நின்றன. ஊசி ஒன்றுகூட இல்லை. எங்கள் பெண்கள் கயிறு கேட்டால் ஊசி வேண்டாம் என்று அர்த்தமாம். உட்கார்ந்து பெறுகிறவளுக்கு எதற்கு ரத்தம் என்று எங்கள் கல்லூரிக் குழு ஏகமனதாக முடிவு செய்திருக்கிறது. நாங்கள் இரண்டையும்தான் கேட்டோம். இரண்டையும் கேட்கிற உரிமை எங்களுக்கும் உண்டு என்பது எட்டுப் பேராசிரியர்களில் ஒருவர் தலையிலும் ஏறவில்லை.

பொதுவார்டுக்கு ஓடினேன். நர்ஸ் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“பண்பாட்டு அறைக்கு மருந்து குடுக்க எங்களுக்கு உத்தரவு இல்ல தம்பி. அது கண்காட்சிப் பிரிவு. ஆளை இங்க கொண்டுவந்து மேசைல படுக்க வைங்க, தர்றோம்.”

“அசைக்க முடியாதும்மா, செத்துருவாங்க!”

“அப்ப டீன்கிட்ட கேளுங்க.”

மருந்துத் தட்டிலிருந்து ஒரு குப்பியையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். ரத்த வங்கி ஜன்னலில் கத்தினேன். அங்கே யாரும் இல்லை, முன்வாசல் வரிசையில் நின்றார்கள். நடைபாதை முழுக்கக் கூட்டம். புல்லாங்குழல்காரர்கள், மேளக்காரர், நடுவில் தலைநகரத்து விருந்தாளிகள். வாசற்காவலர் என் ஆரஞ்சு மேல்சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“டேய், மாற்றம்! எங்க ஓடுற? விருந்தாளிங்க நிக்கறாங்க, நாலு நாற்காலி தூக்கிட்டு வா!”

மேல்சட்டையை அவர் கையிலேயே விட்டுவிட்டு, விருந்தாளிகளின் முழங்கைகளுக்கு அடியில் நுழைந்து உள்ளே போனேன்.

நெலிதா அக்காவைத் தரையில் கிடத்தி, ஒரு கை உள்ளே, ஒரு கை வயிற்றின்மேல், கருப்பையை அழுத்திப் பிடித்திருந்தாள். முழங்கைவரை சிவப்பு. நான் ஊசியைப் போட்டேன். குழந்தையை மடியில் எடுத்துக்கொண்டு யூஃபெமியாவின் மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி நூலாக ஓடியது.

கதவு விரியத் திறந்தது. டீன் போஞ்சோவைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். பின்னால் அங்கீகாரக் குழுத் தலைவர், மூக்குக்கண்ணாடி போட்ட பெரிய மனிதர்.

“இதோ, நான் சொன்ன எங்கள் பொம்மை” என்றார் டீன். “பூவேலைப் பாவாடை, தொப்பி, எல்லாம் அசல்.”

“ரத்தம் வேணும்! டாக்டர், ரத்தம் அனுப்பச் சொல்லுங்க! எங்கக்கா சாகறா!” நெலிதா ஸ்பானிஷில்தான் கத்தினாள். திருத்தமான ஸ்பானிஷ், தலைநகரத்துக்காரர்களுக்கு நன்றாகப் புரிகிற ஸ்பானிஷ்.

“மாணவியின் ஈடுபாட்டைப் பாருங்கள்!” என்றார் குழுத் தலைவர். “குரலில் என்ன பதற்றம்! நடிப்பென்றே தெரியவில்லை. குழந்தைக்குக்கூட அழுகை வைத்திருக்கிறீர்களே!”

கூட்டத்தில் பின்னால் நின்ற ஒலசாபல் எங்களைப் பார்த்தார். முகம் வெளுத்தது. வாயைத் திறந்தார். டீன் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். டீன் பேசும்போது குறுக்கே பேசுவது எங்கள் கல்லூரியின் பண்பாடு இல்லை. ஒலசாபல் வாயை மூடிக்கொண்டார்.

டீன் பேசினார். “பெரியோர்களே, ஒரு காலத்தில் நாங்கள் இந்த மக்களுக்குக் கற்றுக்கொடுப்பதாக நினைத்தோம். இன்று கேட்கக் கற்றுக்கொண்டோம். இந்த அறையில் அவர்களின் குரலைத் தவிர வேறு குரல் ஒலிப்பதில்லை. தரையில் நீங்கள் பார்க்கும் இந்தச் சிவப்புகூட வெறும் மை அல்ல. பூமித்தாய்க்கு ஒரு பெண் செலுத்தும் காணிக்கையின் அடையாளம். எங்கள் மாணவர்கள் மாற்றத்தைக் கேட்டார்கள். கேட்டதையெல்லாம் கொடுத்தோம். ஒன்றைக்கூட நாங்கள் மறுக்கவில்லை.”

“அய்யா, பொம்மை இல்லைய்யா, மனுஷிய்யா!” என்று நான் கத்தினேன். மேளக்காரர் அதையும் உற்சாகம் என்று எடுத்துக்கொண்டு இரண்டு தட்டுத் தட்டினார்.

யூஃபெமியா தங்கையைப் பார்த்தாள். கண் மெல்ல மூடியது.

“அற்புதம்” என்றார் குழுத் தலைவர் தணிந்த குரலில். “கண்ணைக்கூட மூடுகிறது.”

என் விரலுக்கடியில் நாடி நின்றுவிட்டது. தேடினேன். மணிக்கட்டில் இல்லை, கழுத்தில் இல்லை. நெலிதாவுக்கு அது தெரிந்துவிட்டது. ஆனாலும் கையை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான் எல்லாரும் கைதட்டினார்கள். முதலில் தலைவர், பிறகு டீன், பிறகு போஞ்சோ போட்ட டாக்டர்கள் அத்தனை பேரும். நடைபாதை அதிர்ந்தது. நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கைதட்டலுக்கு நடுவே வெளியே வந்தேன். வேறு எங்கே போவதென்று தெரியவில்லை.

பின்வாசல் படியில் தெயோஃபிலோ கம்பளியை விரித்துப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். சத்தம் அவன்வரை வந்திருந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

“எல்லாரும் கைதட்டுறாங்களே தம்பி” என்றான். “பொழைச்சிட்டாளா?”